பொரிச்சட்டி மணல்

பால் வண்டி வராத ஒன்பதாம் நாள்.
கரண்டும் அப்படியே.
தோப்பில் முந்நூறு தென்னை இருந்தது.
நிற்பவை எத்தனை என்று வாப்பா எண்ணுவதில்லை,
வேலியோடு நடந்து திரும்பிவிடுகிறார்.

தோஹாவிலிருந்து விடுப்பில் வந்தவன் நான்.
துருக்கி ஓட்டலில் ஆறு வருஷம்
சூட்டு மணல் தட்டுக்குப் பின்னால் நின்றவன்.
பெட்டியில் ஒரு ஜெஸ்வே:
உள்ளே ஈயம் பூசிய செம்பு,
கை நீளம், வயிறு சின்னது,
இரண்டு பேருக்கு மேல் தாங்காது.
கூடவே அரைக் கிலோ தூள், திருநீறுபோல் அரைத்தது.
வந்த அன்றே மோந்து பார்த்த ராத்தா
'இதுல டிகாஷன் இறங்காதுடா' என்று
அலமாரியின் மேல்தட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

தெருமுனையில் எட்டு லைன்மேன்கள்,
ஓமலூர்ப் பக்கமிருந்து லாரியில் வந்தவர்கள்.
ராத்திரி பள்ளிக்கூடத் தரை,
பகலில் இடுப்பளவு சேறு.
'ஒரு டீ கெடைக்குமாங்ணா?'
கேட்டவன் பெயர் மாதேஷ்.
கேட்டுவிட்டு அவனே வெட்கப்பட்டான்.

செல்லக்கிளியிடம் போனேன். பொரி வறுக்கிறவள்.
கூரை போயிருந்தது. அடுப்பு இருந்தது,
இரும்புச் சட்டி இருந்தது,
சட்டி நிறைய, வருஷக்கணக்காய் வெந்து கறுத்த
ஆற்று மணல் இருந்தது.
'சட்டி வேணுமா, மணல் வேணுமா?'
ரெண்டும்.
'அரிசி?'
அரிசி இல்லை, காப்பி.
புயலோடு இவனுக்குக்
காத்துக்கருப்பும் அடித்ததோ என்று பார்த்தாள்.
பார்த்துக்கொண்டே
விழுந்த மட்டையை ஒடித்து அடுப்பில் செருகினாள்.

தண்ணீர், சர்க்கரை, தூள்.
ஒரே ஒரு கலக்கு, அதோடு சரி.
கழுத்துவரை மணலில் புதைத்து
மெல்ல வட்டமாய் இழுத்தேன்.
எதிரே அவள் கை தானாக அசைந்தது,
துடுப்பு போகும் அதே வட்டம்.
நுரை விளிம்புக்கு ஏறியது. எடுத்தேன்.
இறங்கியது. வைத்தேன்.
'அட, இதுவும் பொரியுது!'

'நல்லா ஆத்திக் குடுங்க தம்பி' என்றார் பொன்னுரங்கம்.
ஆற்றக் கூடாது, நுரை செத்துவிடும்.
நுரை இல்லாத காப்பி அவமரியாதை,
மேஜைக்கு வந்ததைத் திருப்பி அனுப்புவார்கள் அங்கே.
இங்கே எட்டு வாய், இரண்டு கிண்ணம்,
மற்றவர்களுக்குக் கொட்டாங்கச்சி.
அதற்கு மட்டும் ஊரில் பஞ்சமில்லை.
நான்கு முறை காய்ச்சினேன்,
முதல் நுரையைக் கரண்டியால் கிள்ளிக் கிள்ளி வைத்தேன்,
கல்யாணப் பந்தியில் ஊறுகாய் வைப்பதுபோல.

உடனே குடிக்காதீங்க, தூள் அடியில் உட்காரட்டும்.

எட்டுப் பேர்
கொட்டாங்கச்சியை ஏந்திக்கொண்டு
வந்த நாளிலிருந்து முதல்முறையாக
எதுவும் செய்யாமல் நின்றார்கள்.

மாதேஷ் கடைசிவரை உறிஞ்சினான், பல்லெல்லாம் கறுப்பு.
'அடியில சேறுங்ணா!'
'வண்டல்' என்றாள் செல்லக்கிளி.
'நீ நிக்கிறதே அதும்மேலதான்.
ஆறு குடிச்சிட்டு வச்ச மிச்சம்.'
சொன்ன கையோடு அவளும் ஒரு வாய் குடித்துத் துப்பினாள்.

கவிழ்த்து வைத்தால் குறி தெரியும் என்று சொல்லித் தொலைத்தேன்.
பொன்னுரங்கம் கவிழ்த்து, நிமிர்த்தி, வெகுநேரம் பார்த்தார்.
'கம்பம்' என்றார்.
'எதைப் பாத்தாலும் எனக்கு இப்ப அதான் தெரியுது.'

ஐந்தாம் முறை காய்ச்சியது வாப்பாவுக்கு.
வேலியோரம் வந்தவர் நின்றார், வாங்கிக்கொண்டார்,
மாதேஷின் கயிறையும் கொக்கியையும் பார்த்தார்.
எதுவும் கேட்கவில்லை.
அவனாகத்தான் சொன்னான்:
'மேலேருந்து உங்க தோப்பு பூராத் தெரியுதுங்க.
நாப்பத்தொண்ணு நிக்குது.'
வாப்பா கொட்டாங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
தூள் உட்கார்ந்து வெகுநேரமாகியும்.
பிறகு குடித்தார்.
'சர்க்கரை பத்தல' என்றார்.

கரண்ட் வர இன்னும் பதினோரு நாள் ஆனது.
அடுத்த வாரம் செல்லக்கிளி வறுத்த பொரியில்
லேசாகக் காப்பி வாசம்.
மணலை மாத்திடலாமா என்று கேட்டேன்.
'ஒரு யூனிட் மணல் என்ன விலை தெரியுமா உனக்கு?
நீ தோஹாவுக்குப் போ' என்றாள்.