மற்றவை

காலை ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.
கையில் டார்ச்,
கக்கத்தில் அட்டை, அட்டையில் படிவம்,
படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
பீப்பாய், டயர், புட்டி, பூந்தொட்டி,
மற்றவை.

அசுன்சியோன் நகரம் மேட்டில் நிற்கிறது.
கீழே பராகுவே ஆறு.
இரண்டுக்கும் நடுவே, யாருக்கும் வேண்டாத சதுப்பில்,
ஒட்டுப்பலகையும் தகரமுமாய் இந்தத் தெரு.
"கொசுக்காரி வந்துட்டா" என்று
பிள்ளைகள் முன்னால் ஓடுகிறார்கள்.
எனக்கு சுனில்தா என்று ஒரு பெயர் உண்டு.
மார்ச் கடைசி வரை வேலையும் உண்டு.

சிந்துல்ஃபோ வீட்டில் நாற்பத்தொரு டயர்.
அப்புறப்படுத்தச் சொல்லிச் சீட்டு எழுதத் தொடங்கினேன்.
அவர் சண்டை போடவில்லை.
தெரெரேக் குவளையை என் பக்கம் நீட்டிவிட்டு
சுவரில் அழுக்குக்கோடு ஒன்றைக் காட்டினார்,
என் இடுப்புக்கு மேலே.
"போன வெள்ளம் இதுவரைக்கும்.
இந்த டயரை எடுத்தால்
அடுத்தது கட்டில் வரைக்கும் வரும்.
கொசு கடித்தால் காய்ச்சல், அம்மா.
ஆறு கடித்தால் வீடு."
டார்ச் அடித்தேன்.
ஒவ்வொரு டயரின் அடிவயிற்றிலும்
கூத்தாடிகள், தலைகீழாய்,
அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் போல.

பக்கத்து வீட்டில் புட்டி மலை.
பொறுக்கிச் சேர்த்தது நான்கு மாதம்.
கிலோவுக்கு விலை விழுந்துவிட்டதாம்,
ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள்.
மழை காத்திருக்கவில்லை.

பெர்மினா வீட்டில் ஒரே ஒரு பீப்பாய்.
நீல நிறம், மூடி இல்லை.
மூடி கூரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது.
கவிழ்த்துக் கொட்டுங்கள் என்றேன்,
வேலையில் சேர்ந்த நாளில் சொல்லிக்கொடுத்த குரலில்.
அவள் இரண்டு கைகளையும் என் முன் நீட்டினாள்.
காய்ச்சல் மூன்று வாரத்தில் போய்விட்டது,
விரல்கள் திரும்பி வரவில்லை.
மடங்காத விரல்களால் துணி பிழிய முடியாது,
பிழியாத துணிக்கு யாரும் காசு தருவதில்லை.
"நீயே கொட்டு," என்றாள்.
"குழாய் வெள்ளிக்கிழமை ராத்திரி வரும்.
இன்றைக்குச் செவ்வாய்."

இரண்டு வருடத்துக்கு முன்
இதே தெருவில் ஒரு பீப்பாயைக்
காலால் உதைத்துச் சாய்த்தவள் நான்.
அந்த வீட்டுக் குழந்தை
மண்ணில் ஓடிய தண்ணீரைக்
கையால் அள்ளப் பார்த்தது.
இன்று என் கழுத்துத் துண்டை அவிழ்த்துப்
பீப்பாய் வாயில் விரித்துக் கட்டினேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மதியம் மேட்டுத் தெரு.
வெள்ளைச் சுவர், பூட்டிய வாயில்,
உள்ளே பச்சைப் பாசி படர்ந்த நீச்சல்குளம்.
அண்ணன் தங்கை வழக்கு
ஆறாவது வருடம் நடக்கிறதாம்.
"அனுமதிக் கடிதம் இருக்கா?" என்று காவலாளி கேட்டான்,
கேட்டுக்கொண்டே கணுக்காலைச் சொறிந்தான்.
அவன் குடியிருப்பது கீழே, சிந்துல்ஃபோவுக்கு நாலு வீடு தள்ளி.
நான் எழுதினேன்: வீடு பூட்டியிருந்தது.
அந்த மேட்டில் யார் வீட்டையும்
டார்ச் அடித்து நான் பார்த்ததில்லை.
யாரிடமும் பீப்பாயைக் கவிழ்க்கச் சொன்னதில்லை.

சாயங்காலம் புகை வண்டி வந்தது.
பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள்.
கொசுக்கள் அரைமணி நேரம்
மரியாதைக்கு ஒதுங்கி நின்றன.

அலுவலகத்தில் 'மற்றவை' கட்டத்தில் எழுதினேன்:
குழாய். புட்டி விலை. வெள்ளம். நீதிமன்றம்.
மேற்பார்வையாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"இதெல்லாம் தண்ணீர் தேங்கும் பொருளா?"
நான் பேசவில்லை.
அவர் சிவப்பு மையால் அடித்தார்,
நான்கையும், பொறுமையாக,
ஒரே நேர்க்கோட்டில்.

ராத்திரி இரண்டு மணி.
எங்கள் தெருக்குழாய் இருமுகிறது.
எழுந்து ஓடி என் பீப்பாயை நிரப்புகிறேன்.
மூடியில் விரிசல்.
மேலே ஒரு செங்கல் வைத்தேன்.
விரிசலுக்குச் செங்கல் எதற்கு என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.
பக்கத்து வீட்டுத் தெர்லிஸ் இன்னும் அனத்துகிறான்.
பேனா பிடிக்கும் என் விரலில்
இன்று காலையிலிருந்து ஒரு வலி,
சின்னதுதான்.