எடை மேடை

ரிங் ரோட்டுக்குத் தெற்கே, குப்பைக் கிடங்கு வாசலில்
லாரி மேடையேறினால் எண் எழுதுபவன் நான்.
வைகாசி மூன்று. பதினான்கு நடை.
ஒன்பதாவது, செல்லூர் லாரி:
ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ.
அதற்குள் அன்னமயில் நாற்பத்தேழு கிலோ
இருந்திருப்பாள் என்கிறார்கள்.

ஆடி பிறந்த பிறகுதான் அந்த ஆள் வாயைத் திறந்தான்,
தொட்டியில் போட்டேன், ரெண்டு சாக்கு.
அதற்குள் இரண்டு மழை, ஒரு தீ.
புல்டோசர் எத்தனை முறை புரட்டியதோ.

தேதியைத் தேடித்தான் தோண்டுகிறார்கள்.
பால் பாக்கெட்டில் அச்சான நாள்,
காலண்டர் தாள், குழம்பு ஊறிய கல்யாணப் பத்திரிகை,
ஒரு முகூர்த்தத்துக்கு அடியில் இன்னொரு முகூர்த்தம்.
சித்திரைத் திருவிழாவின் மோர் டம்ளர்கள் கொத்தாக வந்தால்
"ஆழம் போயிட்டோம், மேல வா" என்று
ஜேசிபிக்குக் கை காட்டுகிறார் இன்ஸ்பெக்டர் எஸ்தர்.

இந்த ஊர்தான் எவ்வளவு எலும்பு தின்கிறது!
தார்ப்பாயில் குந்தியிருக்கும் தடயவியல் டாக்டர்
ஆடு என்கிறார். ஆடு. மாடு. ஆடு. கோழி. ஆடு.
இளநீர்க் கூடு உருண்டால்
ஒரு நொடி எல்லோரும் நிற்கிறோம்.
அடியில் இன்னும் கனல்.
பூட்ஸ் உருகி ஒரு கான்ஸ்டபிள் திரும்பிப் போனான்.

பிளாஸ்டிக் பொறுக்கும் சுருளியம்மாதான் சொன்னாள்:
"இங்கிட்டு நாயே வராது சார்.
மேற்கால பக்கந்தேன் ஒரு மாசமாக் கெடந்துச்சுக."
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

என் மின்விசிறிக்குக் கீழே அன்னமயிலின் தங்கை.
"அக்காவுக்குக் கால்ல ரெண்டாவது வெரல்
பெருவிரலை விட நீளம்ணே.
டாக்டர்ட்ட சொல்லணுமா?"
சொல்லும்மா என்றேன்.
நேற்றும் அதையே கேட்டாள்.

பதினோராம் நாள்.
என் பதிவேட்டை வைத்துத்தான் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
எட்டாம் நடை இங்கே, ஒன்பது இங்கே, பத்து அங்கே.
பதினான்கில் நான்கு வரவே இல்லை.
காண்ட்ராக்டர் பில்லுக்காக
நடைக்கு இருநூறு வாங்கிக்கொண்டு
காற்றை எடை போட்டு எழுதினேன்.
ஒன்பதாவது அதில் ஒன்று.
செல்லூர் லாரி வந்தது இருட்டிய பிறகு.
மேடையில் ஏறவில்லை.
மேற்கே கொட்டிவிட்டுப் போனது.

மேசையில் கையூன்றி எஸ்தர் கேட்கிறார்,
"ஒன்பதாவதுதானே? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."
அந்தப் பெண் நிமிர்கிறாள்.
பேனாவை மூடினேன், திறந்தேன்.
"மேற்கால பக்கம் நாய் கெடந்துச்சாம் மேடம்."
அவ்வளவுதான் வந்தது.
அவர் எழுதிக்கொண்டார்.