நூற்று நான்கு லிட்டர்

பிப்ரவரி. ரீகாவில்
தௌகவா ஆறு கல்லாய்க் கிடக்கிறது.
நாங்கள் சமையலறை மேசையில்
வெதுவெதுப்பான ஆறொன்றை வரைந்துகொண்டிருக்கிறோம்.
நீளம் இருநூற்று நாற்பது, அகலம் எழுபத்தைந்து,
உயரம் எழுபது சென்டிமீட்டர்.
மீன்கள் இன்னும் யாரோ ஒருவர் கடையில்.

"பின்சுவரில் மூன்று துளை" என்கிறான் இல்மார்ஸ்.
காசு கொடுத்துக் கண்ணாடி வாங்கி
காசு கொடுத்து அதில் ஓட்டை போடுகிறவனை
இருபத்தாறு வருடமாய் எனக்குத் தெரியும்.

முதல் துளை வாய் நிறையக் குடிக்கும்,
காற்றுப் புகாமல், சத்தமில்லாமல்.
இரண்டாவது, அது விட்ட மிச்சத்தை
நூல் போல இறக்கும்.
மூன்றாவது சும்மா இருக்கும்.
சும்மா இருப்பதுதான் அதன் வேலை.
இலையோ நத்தையோ மற்ற இரண்டையும் அடைத்த அன்றைக்கு
அது இரைந்து வீட்டை எழுப்பும்.

அந்தக் குழாயை எனக்குத் தெரியும்.
என் பெயரில் மட்டும் ஆயிரத்து நூறு யூரோ,
துறைமுகத்தில் அவன் வேலை போன வருடம்கூட
நனையாமல் நின்றது.
இந்த வரைபடத்தில் அது இல்லை.

நான் மீன் டப்பா ஆலையில் கணக்கெழுதுகிறவள்.
"கரண்ட் போனால்?" என்றேன்.
"பம்ப் நிற்கும். கலிங்கின் விளிம்பு வரை வடிந்து
தண்ணீரும் நின்றுவிடும். இரண்டரை சென்டிமீட்டர்."
பெருக்கினேன். நாற்பத்தைந்து லிட்டர்.
குழாய்களில் தொங்குவது எட்டு.
கீழே சம்ப்பில் காலி இடம் நூற்றிருபது.
அவன் புருவத்தைத் தூக்கினான், ஜெயித்தவனைப் போல.

பஞ்சு, சரளை, வடிகட்டும் அறைகள் என்று
சம்ப்பை அழகாய் வரைந்தவன்
வெற்றிடத்துக்கு மட்டும் பெயர் எழுதவில்லை.
அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு மேலே பார்த்தேன்.
தண்ணீர் திரும்பி ஏறும் குழாயின் மூக்கு
மட்டத்துக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே.
"அங்கே வைத்தால் ஓட்டம் நன்றாக இருக்கும்."
இருக்கும். பம்ப் நின்ற நொடியில்
அதே மூக்கு பின்னோக்கி உறிஞ்சும்,
காற்றைத் தொடும்வரை விடாது.
இருநூற்றுப் பதினாறு. கூட எட்டு.
கழித்தால், நூற்று நான்கு லிட்டர்
எங்கள் தரையில்.
தரைக்குக் கீழே நிலவறை.
நிலவறையில் ஸ்கைத்ரீத்தேயின் உருளைக்கிழங்கு மூட்டைகள்,
அறுபது புட்டி வெள்ளரி ஊறுகாய்,
அப்புறம் ஸ்கைத்ரீத்தேயின் வாய்.

"ஒருவழி வால்வு போட்டுவிடலாம்."
நத்தைக் குஞ்சொன்று போதும்
அது பாதி திறந்தபடி தூங்க.
ரப்பரை எடுத்து அவன் பக்கம் தள்ளினேன்.
மூக்கை அழித்தான். மட்டத்தை ஒட்டி மறுபடி வரைந்தான்,
கோணலாக, பென்சில் முனை ஒடிய.

சனிக்கிழமை குன்வால்திஸ் வந்தான்,
பூட்ஸில் பனியோடு.
கறுப்புக் கண்ணாடி மாட்டிப் பலகைகளைப் பார்த்து
"அடிப்பலகை டெம்பர் செய்தது, அதைத் தொட்டால் உப்பாகிவிடும்;
பின்பலகை சாதாரணம்" என்றான்.
மாவு போன்ற பசையால் வட்டமாய் ஓர் அணை கட்டி
உள்ளே தண்ணீர் ஊற்றினான்.
வைரப்பல் வளையம் சுழன்றது.
உதவிக்குக் கை நீட்டிய இல்மார்ஸிடம்
"அழுத்தாதே. அதன் எடை போதும்."
பால் நிறத்தில் கண்ணாடி கரைந்து வழிந்தது.
மூன்று வில்லைகள் விழுந்தன.
ஒன்றின்மேல் இப்போது என் காப்பிக் கோப்பை.

பத்து நாள் கழித்து, நள்ளிரவில்,
மீனில்லாத ஆயிரத்துச் சொச்சம் லிட்டர் முன்னால்
பிளக்கை நான்தான் பிடுங்கினேன்.
டார்ச்சோடு தரையில் படுத்திருந்தான் அவன்.
குழாய்கள் ஏப்பம் விட்டன.
சம்ப்பின் சுவரில் என் பென்சில் கோடுகளை
தண்ணீர் ஒவ்வொன்றாய் விழுங்கி ஏறியது.
ஐந்து. ஏழு. எட்டு.
ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் தயங்கியது.
நின்றது.

அவன் மூச்சு விட்டான்.
அப்போது எங்கோ, சொட்.
மறுபடி, சொட்.
டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு மூட்டாய்த் தடவிப்போனது.
தரையைக் கையால் தடவினேன், காய்ந்திருந்தது.

சமையலறைக் குழாய்.
மூன்று வருடமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.