கசகசாவை விடச் சிறியது

கெம்ப்டனிலிருந்து முதல் ரயில்.
மழையா பனியா என்று
இன்னும் முடிவெடுக்காத மியூனிக் நவம்பர்.
சுரங்க ரயிலில் எல்லோர் கழுத்திலும் அட்டை.
அட்டையைப் படித்த பிறகுதான்
முகத்தைப் பார்க்கிறார்கள்.
நானும் அப்படித்தான்.

என் அட்டையில்:
ரோஸ்வித்தா எகில், கொள்முதல்.
பால் குளிரூட்டும் தொட்டி செய்கிற
நாற்பது பேர் கம்பெனி.
இதைச் சொன்னதும் பெரிய அரங்குகளில்
புன்னகை பாதியாகிவிடும்.
காபி மட்டும் முழுக் கோப்பை.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்
சர்க்யூட் பலகையை
ஆட்டு ஆட்டென்று ஆட்டிக்கொண்டிருந்தது ஒரு மேசை.
எந்தப் பாகம் முதலில் கழன்று விழும்?
பந்தயம்: ஒரு சாக்லேட்.
பெரிய படிப்புப் படித்தவர்கள்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.
பச்சைச் சுருள் என்றேன் நான்.
விழுந்தது திருகு.
திருகை யாருமே கணக்கில் வைத்திருக்கவில்லை.

இன்னொரு மூலையில் ரோபோ கை
முட்டையை எடுத்து, வைத்து, எடுத்து, வைத்து.
மூன்றாவது முறை அந்தப் பக்கம் போனபோது
முட்டையைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஒன்பது மொழிகளில் வணக்கம் சொல்லும் திரைக்கு
கழிப்பறை எங்கே என்று
ஒரு மொழியிலும் தெரியவில்லை.

பிறகு பி-ஐந்து அரங்கு.
பாகங்களைப் பொருத்தும் இயந்திரம்,
நூல் இல்லாத தையல் மெஷின் போல
தடதடத்துக்கொண்டிருந்தது.
பக்கத்தில் ஜாடி நிறைய கெப்பாசிட்டர்,
ஒவ்வொன்றும் கசகசாவை விடச் சிறியது.
எத்தனை என்று சொன்னால் டேப்லெட் பரிசு.

யாருடைய முதுகுப்பையோ திரும்பியது.
ஜாடி கவிழ்ந்தது.
சத்தம் என்று ஒன்று வரவே இல்லை.
சாம்பல் கம்பளம் அத்தனையையும்
அப்படியே விழுங்கிக்கொண்டது.

"விடுங்கள்" என்றாள் அரங்கிலிருந்த யெலிஸ்,
"எல்லாம் சேர்ந்தாலும்
ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு பெறாது."

என் முழங்கால்
என்னைக் கேட்காமலே மடிந்தது.

இதே பாகம். இதே எண்.
என் வீட்டுக் கதவு எண் மறந்தாலும்
இது மறக்காது.
தட்டுப்பாடு வந்த அந்த வருஷம்
நூற்று எண்பது தொட்டிகள்
மூளை இல்லாமல் முற்றத்தில் பனி சுமந்து நின்றன.
மாடு காத்திருக்குமா என்று
போனில் கத்தினார்கள் பண்ணைக்காரர்கள்.
நான் மரியாதையாக எழுதினேன்,
பிறகு கெஞ்சி,
பிறகு கொள்முதல் துறைக்கு ஆகாத சொற்களில்.
ஒவ்வொரு முறையும் ஒரே பதில்:
ஐம்பத்திரண்டு வாரம்.
கீழே ஒரே பெயர்: எல். சைட்லர்.

எனக்குப் பக்கத்தில் இன்னொருவரும் மண்டியிட்டிருந்தார்.
கோட்டு சூட்டு. விசிட்டிங் கார்டால்
கம்பளத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
அவர் அட்டை தரையைத் தொட்டுத் தொங்கியது.
லோட்டார் சைட்லர்.

அவரும் என் அட்டையைப் படித்தார்.
காது சிவந்தது.
"பால் தொட்டி" என்றார்.
"நூற்று எண்பது" என்றேன்.

கொஞ்ச நேரம் சுரண்டினோம்.

"அந்த எண்ணை எனக்கு மேலிருந்து சொன்னார்கள்,
நான் உங்களுக்குச் சொன்னேன்.
அறுபதோ எழுபதோ கூட இருந்திருக்கலாம்.
யாருக்கும் தெரியாது."

மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை.
அவர் பையிலிருந்து ஒரு பிரெட்செல் வந்தது,
தரையில் உட்கார்ந்தே பிய்த்துத் தின்றோம்.
உப்பு உதிர்ந்து
கெப்பாசிட்டரோடு கலந்தது.

ஆறு மணிக்குத் துப்புரவு வண்டி உறுமிக்கொண்டு வந்தது.
"காலைத் தூக்குங்க" என்றார் ஓட்டிய பெண்,
அட்டையைப் படிக்காமல்.
தூக்கினோம்.

எழுந்திருக்கும்போது கேட்டேன்:
இப்போது எத்தனை வாரம்?
எட்டு என்றார். குரலில் கொஞ்சம் பெருமை.
இருபதாயிரம் அனுப்புங்கள் என்றேன்.

எங்களுக்குத் தேவை
ஆறாயிரம்.