கிழக்கு எல்லை

நாளை பத்து மணிக்கு நொத்தாரிசு.
அடையாள அட்டையில் தவமலர்,
வங்கிப் புத்தகத்தில் தவமணிமலர்;
இரண்டும் நானேதான் என்று
சத்தியக் கடதாசி முடித்தாயிற்று.
பின்னேரம் போய்ப்
பைப்பெல்லாம் திறந்து பார்த்தேன்.
குசினிப் பைப் மட்டும் இருமியது.

இரவு, வரைவு உறுதி
கல்லடிக் காற்றில் பறக்காமல்
மேலே சீனிப் போத்தல்.
பதினொன்றரைப் பேர்ச்.
வடக்கு ஒழுங்கை. தெற்கும் மேற்கும் மதில்.
கிழக்கு: கந்தப்போடியின் வீடும் வளவும்.

கந்தப்போடியைக் கடல் கொண்டுபோய்
இருபது வருசம்.
வீடென்று இருப்பது சீமெந்துத் தளம்,
அதில் படுத்திருக்கும் யாருடையதோ ஆடு.

போனில் கேட்டேன், மாற்றலாமா?
"பழைய உறுதியில் உள்ளபடிதான், தங்கச்சி."

சரி, அப்படியே இருக்கட்டும்.
கையெழுத்து வைத்ததும் வேலி அடைக்கவேணும்.
கிழக்குப் பக்கம்
யாரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு அடைப்பது?