வலப்பக்கம்

கம்பெனிக்குத் தெரியாது.
காற்றாலையில் எண்பது மீட்டரில் நான் தொங்குகிற பட்டையைச்
சனிக்கிழமை சாப்பாட்டுப் பைக்கு அடியில் சுருட்டி
மானுப்பட்டி வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன்.
துப்பாக்கி யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

இங்கே உயரம் வெறும் பதினெட்டு அடி.
கீழே மூன்றேகால் ஏக்கர் மக்காச்சோளம்,
அதில் ஒன்றரை ஏக்கர் ஏற்கெனவே பன்றி உழுதது.

காற்று கணவாயிலிருந்து வருகிறது.
பகலெல்லாம் அதற்குத்தான் வேலை செய்கிறேன்,
இறக்கை இறக்கையாகத் துடைத்துவிடுகிறேன்.
அந்த நன்றியெல்லாம் அதற்குக் கிடையாது,
என் வேர்வையைப் பன்றி மூக்கில் கொண்டுபோய்க் கொடுக்கும்.
அதனால்தான் காட்டுக்குக் கிழக்கோரத்து வேம்பு.
நான் மேற்கே பார்த்திருக்கிறேன்.
மலை தெற்கே. பன்றி மலையிலிருந்து வரும்.
அதாவது என் இடப்பக்கம்.
வலக்கைக்காரனுக்கு அதுதான் வாகு.

மரத்தைச் சுற்றிய கயிறு நெற்றி உயரத்தில் நிற்க வேண்டும்.
ஒரு சாண் ஏற்றினால் பாரமெல்லாம் தொடைக்குப் போய்
ஒன்பது மணிக்கே கால் மரத்துப்போகும்
(மரத்தில் ஏறினவனுக்கு வேறென்ன ஆகும்).
ஒரு சாண் இறக்கினால் முதுகு கேள்வி கேட்கும்.
நான்கு விரல் ஏற்றினேன். இரண்டு விரல் இறக்கினேன்.
கொக்கியைத் திருப்பிப் போட்டேன்.
முழங்கால் இரண்டையும் அடிமரத்தில் முட்டுக்கொடுத்து,
கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்த
பையனைப் போல
மரத்தைப் பார்த்துத் தொங்கினேன்.

வடக்கே காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒரே நேரத்தில் இமைத்தன.
தொடைப் பட்டைக்கு அடியில் போன் அதிர்ந்தது.
லோகநாயகிதான்.
எடுக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும்.
அதிர்ந்து ஓயட்டும் என்று விட்டேன்.
மறுபடியும் இரண்டு விரல் ஏற்றினேன்.

பதினொன்றே முக்காலுக்கு
மொறுக்கென்று ஒரு கதிர்.

வலப்பக்கம்.

மலையிலிருந்து இல்லை,
பொங்கியண்ணன் தோப்பிலிருந்து,
சொட்டுநீர்க் குழாயைத் தாண்டி,
உரம் வாங்கிவரப் போன குடும்பம் திரும்புகிற மாதிரி
ஒரு தாய். பின்னால் கோடு போட்ட ஆறு குட்டிகள்.
பதினைந்து அடி இருக்கும்.
வலக்கைக்காரனுக்கு வலப்பக்கத்தைவிடத் தூரம் எதுவுமில்லை.

இடக்காலைத் தூக்கி வலக்காலுக்கு அப்பால் வைத்தேன்.
ஒரு முழங்காலை எடுத்தேன்.
இடுப்பை மரத்தைச் சுற்றி மெதுவாக,
கிணற்று வாளியைத் திருப்புகிற மாதிரி, திருப்பினேன்.
கொக்கி டிங்கென்றது.
தாய் தலையைத் தூக்கியது. குட்டிகள் தூக்கவில்லை.
குழல் முனையில் அதன் காது வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் கயிறு வழுக்கியது.

ஒரு சாண்தான்.
ஆனால் ஒரு சாண் என்றால் என்னவென்று
நாற்பத்திரண்டாம் டவரில் தனசேகர் போன அன்றைக்கே
என் கைகள் படித்துவைத்திருந்தன.
என்னைக் கேட்கவில்லை. துப்பாக்கியை விட்டுவிட்டுக்
கயிற்றைப் பிடித்துக்கொண்டன.

துப்பாக்கி நேராக இறங்கி
தண்ணீர் பாய்ந்த பாத்தியில் கட்டை குத்தி நின்றது.
வெடிக்கவில்லை.
வெடித்திருந்தால்
குழல் பார்த்துக்கொண்டிருந்தது என்னை.

பன்றிகள் ஓடின.
ஓடும்போது மட்டும்
நான் நினைத்துவைத்த வழியிலேயே, ஒன்றன் பின் ஒன்றாக,
இடப்பக்கம் மலைக்கு.

கால் தெளிய முக்கால் மணி நேரம்.
அதுவரை மேலே நானும் கீழே அதுவும்
ஒருவரையொருவர் குறிபார்த்தபடி இருந்தோம்.
விடியக் கயிற்றைத் தடவிப் பார்த்தேன்.
முடிச்சில் பிழையில்லை.
வேப்பம்பட்டை பனியில் நனைந்திருந்தது.

திங்கட்கிழமை சூப்பர்வைசர்
இடுப்புப் பட்டையை மோந்து பார்த்தார்.
“என்னப்பா இது, வேப்பம் பிசினாட்டம்?”
கோயிலுக்குப் போயிருந்தனுங்க, என்றேன்.
அன்றைக்கு எண்பது மீட்டரில்
பொழுதுக்கும்
கயிற்றை இரண்டு விரல் ஏற்றிக்கொண்டும்
இறக்கிக்கொண்டும் இருந்தேன்.