அலமாரிக் கதவின் உட்புறம்

கோட்டை அந்த ஆணியில் மாட்டு.
பூட்ஸ் வாசலோடு நிற்கட்டும். உள்ளே பனி உருகினால்
லெம்பி துடைக்க மாட்டாள்,
உன் கையில் துணியைக் கொடுப்பாள்.
உட்கார். அந்த நாற்காலி ஆடும்,
ஆடாத பக்கமாகச் சாய்ந்துகொள்.

விதிகள் இந்த அலமாரிக் கதவின் உட்புறம் இருக்கின்றன.
மாவு டப்பாவை எடுக்கிறவர் படித்துக்கொள்ளலாம்.
நுழைய ஐந்து சென்ட், ஏற்றினால் ஒரு டாலருக்கு மேல் இல்லை.
கடன் கிடையாது.
பனிவண்டிச் சாவியைப் பந்தயம் வைக்கக் கூடாது.
(அது டுவேனுக்காக எழுதியது, தேதி போட்டிருக்கிறோம்.)
சீட்டுப் போடுகிறவர் சொல்வதே ஆட்டம்.

அவர் ராணி என்றால்,
ஏழு சீட்டில், மலர்ந்து விழும் ராணிக்கு
அடுத்து விழுவது எதுவோ, அந்த எண் ஜோக்கர்.
ஏழுக்கு மகுடம் வந்ததென்று
மனதுக்குள் நீ வீடு கட்டுவாய்,
கிரகப்பிரவேசத்துக்கு முன்னே
இன்னொரு ராணி வருவாள்.
ஏழு மறுபடி வெறும் ஏழு.
இரண்டு விவாகரத்துக்குப் பிறகும்
ரெனாட்டா கேட்பது இதைத்தான்.

பேஸ்பால் என்றால் மூன்றும் ஒன்பதும் ஜோக்கர்,
நாலு மலர்ந்தால் கூடுதலாக ஒரு சீட்டு.
கையில் நாலு ராஜா இருந்தும் தோற்றவர்கள்
இந்த மேசையில் மூன்று பேர். நான் ஒருத்தி.

சிகாகோவில்
கவிழ்ந்து கிடக்கும் இஸ்பேடில் பெரியது யாரிடமோ
அவருக்குப் பாதிப் பணம்.
மற்றதெல்லாம் குப்பையாக இருக்கட்டும்,
அடியில் ஒரே ஒரு கறுப்பு ஏஸ்,
வாயைத் திறக்காமல்.

அனகோண்டா: ஏழு வாங்கி
மூன்றை இடப்பக்கம் தள்ளு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று.
உனக்கு வலப்பக்கம் ஹோல்கர்.
அவன் கழிப்பது உனக்கு வரும், புன்னகையோடு.

நெற்றிச் சீட்டா?
யார் சொன்னது உனக்கு?

ஒன்பதாவது வரி சுரண்டியிருக்கிறதே, அதுதான்.
ஆளுக்கு ஒரு சீட்டு. பார்க்காமல்
நெற்றியில் பிடித்துக்கொள்ள வேண்டும்.
உன் தலையில் இருப்பது மேசைக்கே தெரியும்,
உனக்கு மட்டும் தெரியாது.
மற்றவர் நெற்றியைப் பார்த்து
உன் நெற்றிக்கு விலை வைக்க வேண்டும்.

அந்தப் பிப்ரவரியில் காகித ஆலையின்
இரண்டாம் இயந்திரத்தை நிறுத்துவதாக முடிவு.
பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான்.
முப்பத்தொரு பெயர்.
வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்தும் போட்டேன்.
லெம்பியிடம் மட்டும் சொன்னேன்.
லெம்பி லெம்பியாகவே இருந்தாள்.
வியாழக்கிழமை இருட்டுவதற்குள்
அர்விடைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அன்று சீட்டுப் போட்டதும் அவன்தான்,
நெற்றிச் சீட்டு என்று சொன்னதும் அவன்தான்.
அவன் நெற்றியில் கிளாவர் இரண்டு.
இரண்டுக்குக் கீழே சீட்டுக்கட்டில் எதுவும் இல்லை.
ஐம்பது சென்ட் ஏற்றினான்.
ராஜாவை வைத்திருந்த டுவேன் கவிழ்த்தான்.
ரெனாட்டா கவிழ்த்தாள். ஹோல்கர்.
லெம்பி காபி பொங்குகிறது என்று எழுந்தாள்.
காபி பொங்கவில்லை.
நானும் கவிழ்த்தேன்.

அர்விட் தன் சீட்டை இறக்கிப் பார்த்தான்.
பிறகு எங்கள் ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பினான்.
ராஜா, ஒன்பது, ஏழு, ராணி, ஜாக்.
ஹோல்கர் தன் ஆயுளில்
யாருக்கும் ஒரு சென்ட் இனாமாக விட்டவனில்லை.
அர்விட் என்னைப் பார்த்தான்.
எந்தத் தேதி, என்று மட்டும் கேட்டான்.
பதினாலு, என்றேன்.

வெண்ணெய்க் கத்தியை எடுத்து
பெயின்ட் உரியும்வரை, நிதானமாக,
அந்த வரியைச் சுரண்டியவன் அவனே.
இப்போது ஃபார்கோ பக்கம் சர்க்கரை ஆலையில் வேலை.
ஜெயித்த எண்பது சென்ட்டை எடுத்துப் போகவில்லை,
அதோ, உப்புக் கிண்ணத்தின் பின்னால்.
டுவேன் ஒருமுறை சில்லறை போதாமல்
அதிலிருந்து கால் டாலர் எடுத்தான்.
லெம்பி பார்த்தாள். வைத்துவிட்டான்.

சரி, ஏரிக்காற்று உள்ளே வருகிறது,
அந்தக் கதவைச் சாத்து.
சீட்டு உன் கையில்.
கலைத்துப் போடு, என்ன ஆட்டம் என்று சொல்.